கல்லூரிக்குக் கம்ப்யூட்டர்: குறைந்த பணத்தில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் குறைவாக இருக்கும்போது, இருப்பதிலேயே மலிவான புது லேப்டாப்பை வாங்குவதைவிட, அலுவலகங்களில் மூன்று நான்கு வருடம் ஓடிவிட்டு வெளியே வந்த தரமான பழைய லேப்டாப்பை வாங்குவது பெரும்பாலான மாணவர்களுக்கு நல்லது. எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. யாருக்கு இது பொருந்தாது, அவர்கள் வேறு எதைப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இது சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் மொத்தமாகக் கைவிட்டுப் போகிற காரியம். தப்பான மெஷின் வந்து சேர்ந்தால், படிப்பு முடிகிற வரை அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஒரு வருடம் கழித்து இன்னொன்று வாங்கலாம் என்ற வசதி இந்த பட்ஜெட்டில் யாருக்கும் இருக்காது.

முதலில் துறையைக் கேளுங்கள்

விலையைப் பார்ப்பதற்கு முன் பாடத்திட்டத்தைப் பாருங்கள். இலக்கியம், வரலாறு, வணிகவியல், சட்டம் படிப்பவருக்கு அன்றாட வேலை என்ன? பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், ஒரு வேர்டு கோப்பு, இரண்டு மூன்று பிடிஎஃப், நடுவில் ஒரு வீடியோ வகுப்பு. இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். கணினி அறிவியல் படிப்பவருக்கும் முதல் வருடம் ஏறக்குறைய இவ்வளவுதான். சி, பைத்தான், ஜாவா எல்லாம் சுமாரான மெஷினிலேயே ஓடும். பிறகு ஒருநாள், போன் ஆப்கள் எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறக்க வேண்டி வரும். அப்போதுதான் உண்மை தெரியும். அதற்கு 8 ஜிபி ராம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்) என்பது குறைந்தபட்சம்; கம்ப்யூட்டருக்குள்ளேயே போனைப் போல நடிக்கும் எமுலேட்டரையும் கூடவே ஓட்டினால் 16 ஜிபி இல்லாமல் நிம்மதி இல்லை.

இயந்திரவியல், கட்டடவியல், கட்டடக்கலை மாணவர்கள் கதை வேறு. சாலிட்வொர்க்ஸ், ரெவிட் என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் விண்டோஸுக்காக மட்டுமே செய்யப்பட்டவை. ஆப்பிளின் மேக்புக்கோ, கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக்கோ எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் இவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. ஆனால் இங்கே ஒன்றை விசாரிக்க வேண்டும்: அந்த மென்பொருள் கல்லூரி ஆய்வகத்திலேயே போதுமான நேரம் கிடைக்கிறதா, வீட்டிலும் தேவைப்படுகிறதா? இதை மேல்வகுப்பு மாணவர்களிடம் கேளுங்கள்; துறையின் அறிவிப்புத் தாளைவிட அவர்கள் சொல்வது துல்லியமாக இருக்கும். ஒரே ஒரு செமஸ்டரில், அதுவும் ஆய்வகத்தில் மட்டும் தொடுகிற மென்பொருளுக்காகக் கனமான கேமிங் லேப்டாப்பை வாங்கி, மற்ற எல்லா நாளும் அதைத் தோளில் சுமந்துகொண்டு பிளக் பாயின்ட் தேடி அலைகிறவர்கள் உண்டு.

மெஷின் லேர்னிங் படிக்கப் போகிறோம், கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம் என்று பயமுறுத்துவார்கள். பட்டப்படிப்பு அளவிலான பயிற்சிகளுக்கு கூகுள் கோலாப் போதும். பிரவுசரிலேயே எழுதி, கூகுளுடைய ஜிபியூவில் (கிராஃபிக்ஸ் சிப்) இலவசமாக ஓட்டலாம். நேர வரம்பு உண்டு, ஆனால் கற்றுக்கொள்ள அது தடையில்லை. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகிற பணத்தை ராமில் போடுவதே புத்திசாலித்தனம். வீடியோ எடிட்டிங்கும் முப்பரிமாண அனிமேஷனும் படிப்பாகவே படிப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

அப்புறம், பலர் கேட்க மறந்துவிடும் ஒரு விஷயம்: ஆன்லைன் தேர்வு. சில கல்லூரிகள் தேர்வு நேரத்தில் கம்ப்யூட்டரைப் பூட்டி வைக்கும் தனி மென்பொருளை நிறுவச் சொல்லும். உதாரணமாக சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸ், மேக், ஐபேட் ஆகியவற்றில் ஓடும். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச லினக்ஸில் ஓடாது, குரோம்புக்கிலும் ஓடாது. உங்கள் கல்லூரி எதைப் பயன்படுத்துகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பின்னால் வரும் பெரிய தலைவலி மிச்சம்.

மலிவான புது லேப்டாப்பில் என்ன குறைகிறது

புதிதாகக் கிடைப்பதில் கடைசிப் படியில் இருக்கும் லேப்டாப்புகள் பார்க்க அழகாகவே இருக்கும். மெல்லியது, எடை குறைவு, ஒரு வருட வாரண்டி. விலையைக் குறைக்க எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்பது பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும், வாசிக்கத் தெரிந்தால்.

முதலில் சேமிப்பகம். "64 ஜிபி இஎம்எம்சி" என்றோ "128 ஜிபி இஎம்எம்சி" என்றோ இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இஎம்எம்சி என்பது போன்களிலும் மெமரி கார்டுகளிலும் இருக்கிற வகைச் சேமிப்பகம். அதன் உச்சவேகமே நொடிக்கு 400 எம்பியைத் தாண்டாது. எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வந்த வேகமான சேமிப்பகம்; அதில் சாதாரண சாட்டா வகை 550 வரை போகும், என்விஎம்இ வகை ஆயிரக்கணக்கில் போகும். வேகத்தைவிடப் பெரிய சிக்கல், அது மதர்போர்டோடு சேர்த்து சாலிடர் செய்யப்பட்டது என்பது. கழற்றிப் பெரிதாக மாற்ற முடியாது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. அப்படியென்றால் 64 ஜிபி மெஷினில் என்ன நடக்கும்? விண்டோஸும் ஆஃபீஸும் உட்கார்ந்த பிறகு உங்கள் கோப்புகளுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆறு மாதம் கழித்து ஒரு பெரிய அப்டேட் வரும், இடம் போதவில்லை என்று பாதியில் நிற்கும். பென் டிரைவைச் செருகி அதில் தற்காலிகமாக இடம் கொடு என்று விண்டோஸே கேட்கும். புரோகிராம்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், மறுநாள் காலையில் அசைன்மென்ட் கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது ராம். 4 ஜிபி என்பது விண்டோஸ் 11 நிறுவுவதற்கான குறைந்தபட்ச நிபந்தனை. வேலை செய்வதற்கான அளவு அல்ல. பிரவுசரும் வீடியோ வகுப்பும் ஒன்றாகத் திறந்தாலே அது நிரம்பிவிடும். 8 ஜிபிக்குக் கீழே எதையும் இன்று வாங்காதீர்கள். அந்த 8 ஜிபியும் சாலிடர் செய்யப்பட்டதா, கூடுதல் ராம் போடக் காலியாக ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். காலி ஸ்லாட் இருக்கும் மெஷின் இன்றைக்கு 8, பணம் கிடைக்கிற அன்றைக்கு 16. சாலிடர் செய்தது என்றைக்குமே 8தான்.

மூன்றாவது பிராசஸர். இங்கேதான் பெயர்கள் ஏமாற்றும். ஏஎம்டி ரைசன் 3 7320யு, ரைசன் 5 7520யு என்று 7000 வரிசைப் பெயரோடு மலிவான மெஷின்கள் வந்தன. 7 என்றதும் புத்தம் புதியது என்று தோன்றும். ஆனால் உள்ளே இருப்பது ஜென் 2, அதாவது 2019-ல் வந்த வடிவமைப்பு. இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. 7530யு என்பது ஜென் 3. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், வேலையில் நன்றாகவே தெரியும். இந்த 7320யு, 7520யு மெஷின்களில் ராமும் சாலிடர் செய்யப்பட்டதுதான். இன்டெல் பக்கம் செலரான் என்4020 என்று பார்த்தால் இரண்டே கோர் (கணக்கிடும் பகுதி), விட்டுவிடுங்கள். 2023-ல் வந்த என்100 நான்கு கோர்களோடு பரவாயில்லை, எழுத்து வேலைக்கும் பிரவுசருக்கும் தாக்குப்பிடிக்கும்.

திரையையும் சும்மா விட மாட்டார்கள். 1366க்கு 768 என்ற பழைய அளவில் டிஎன் பேனல் இருந்தால், சற்றே சாய்ந்து பார்த்தாலும் நிறம் மாறும், ஒரு பக்கம் முழுதாகத் தெரியாமல் ஸ்க்ரோல் செய்துகொண்டே இருக்க வேண்டும். வருடக்கணக்கில் தினமும் மணிக்கணக்காக வாசிக்கப் போகிற கண்களுக்கு 1920க்கு 1080 (முழு எச்டி), சாய்ந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல் என்பது ஆடம்பரம் இல்லை.

விண்டோஸ் "எஸ் மோடு" என்று எழுதியிருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கும் ஆப்களை மட்டுமே நிறுவ விடும் முறை அது. செட்டிங்ஸுக்குப் போய் இலவசமாக அதிலிருந்து வெளியே வரலாம். வந்த பிறகு திரும்பப் போக முடியாது, போக வேண்டிய தேவையும் வராது.

சரி, புதிது எப்போது சரி? நம்பி ஒப்படைக்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லை, பழையதைப் பரிசோதித்துப் பார்க்க யாரும் துணைக்கு இல்லை, அல்லது கல்விக்கடனோ உதவித்தொகையோ புதிய பில் இருந்தால்தான் பணம் தரும் என்றால் புதிதே வாங்குங்கள். ஆனால் கடைசிப் படியில் நிற்காமல் ஒரு படி மேலே ஏறப் பாருங்கள்: கோர் ஐ3-1215யு அல்லது அதற்கு இணையான பிராசஸர், 8 ஜிபி ராமும் ஒரு காலி ஸ்லாட்டும், 256 ஜிபிக்குக் குறையாத என்விஎம்இ எஸ்எஸ்டி, முழு எச்டி திரை. அந்த ஒரு படிக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருங்கள். முதல் மாதத்தைக் கல்லூரி ஆய்வகத்தையும் நூலகக் கம்ப்யூட்டரையும் வைத்துச் சமாளித்துவிடலாம்.

அலுவலகத்திலிருந்து வந்த லேப்டாப்

பெரிய நிறுவனங்கள் லேப்டாப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, மூன்று நான்கு வருடம் ஆனதும் மொத்தமாக மாற்றிவிடும். மெஷின் கெட்டுப்போனதால் அல்ல, ஒப்பந்தம் முடிந்ததால். இப்படி வெளியே வருகிறவை சாதாரண வீட்டு உபயோக லேப்டாப்புகள் இல்லை. லெனோவோ திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் என்று நிறுவனங்களுக்காகவே தனியாகச் செய்யப்பட்டவை. புதிதாக விற்றபோது ஒரு மாணவர் நினைத்தே பார்க்க முடியாத விலை. கீபோர்டு நன்றாக இருக்கும், ஹிஞ்ச் உறுதியாக இருக்கும், அடிப்பலகையின் சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ராம், எஸ்எஸ்டி, பேட்டரி எல்லாம் கைக்கு எட்டும். பழுது பார்ப்பதற்கான முழுக் கையேட்டையும் தயாரிப்பாளர்களே இலவசமாக வெளியிடுகிறார்கள். உதிரிபாகம் கிடைப்பதும் சுலபம், ஏனென்றால் ஒரே மாடல் ஏராளமாக விற்றிருக்கும்.

இதில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இன்டெல் 8-ம் தலைமுறை. 2017 ஆகஸ்டில் அது வந்தபோது இரண்டு விஷயம் ஒன்றாக நடந்தது. அதுவரை மெல்லிய லேப்டாப்புகளின் கோர் ஐ5-ல் இரண்டு கோர்தான் இருந்தது, ஐ5-7200யு அப்படித்தான். ஐ5-8250யு நான்கு கோர்களோடு வந்தது. மற்றொன்று பிற்பாடுதான் தெரிந்தது: 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது, ஒருசில விதிவிலக்குகள் தவிர, 8-ம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை மைக்ரோசாஃப்ட் ஏற்கவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கென்று கொடுத்த கூடுதல் பாதுகாப்புத் திட்டமும் ஒரு வருடத்துக்குத்தான். அதனால் 6-ம், 7-ம் தலைமுறை லேப்டாப்புகள் இப்போது வெகு மலிவாகக் குவிகின்றன. லினக்ஸில் வேலை செய்யத் தயார் என்றால் அவை நல்ல பொருள்தான். விண்டோஸ் வேண்டுமென்றால், விலை எவ்வளவு ஆசை காட்டினாலும், 8-ம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். ஏதோ தந்திரம் செய்து விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்திருப்பார்கள். அடுத்த பெரிய அப்டேட்டில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஏஎம்டி லேப்டாப்புகளில் இதே எல்லை ஏறக்குறைய ரைசன் 3000 வரிசை.

மாடல் பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 5490, எலைட்புக் 840 ஜி5. மூன்றும் 2018 வாக்கில் வந்தவை, மூன்றிலும் ராமுக்கு இரண்டு ஸ்லாட். டி480-ல் உள்ளே ஒரு பேட்டரியும் வெளியே கழற்றி மாட்டுகிற பேட்டரி ஒன்றும் உண்டு. லேப்டாப்பை அணைக்காமலே வெளிப் பேட்டரியை மாற்றலாம். டி480எஸ் என்ற பெயரில் எஸ் சேர்ந்தால் மெல்லியது, ஆனால் ராமின் ஒரு பகுதி சாலிடர் ஆகிவிடும். பணம் கொஞ்சம் கூட இருந்தால் 10-ம், 11-ம் தலைமுறை மெஷின்களைப் பாருங்கள்; வேகம் கூடும், ஆனால் அவற்றில் சில மாடல்களில் ஒரு ஸ்லாட்டோடு நிறுத்தியிருப்பார்கள்.

பழையது வாங்குவதில் இருக்கும் பயம் நியாயமானது. அந்தப் பயத்தை விற்கிறவரின் பேச்சு போக்காது, உங்கள் கைதான் போக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் கேளுங்கள். தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

மூடியைத் திறக்கும்போது ஹிஞ்சில் சத்தம் வருகிறதா, பாதியில் விட்டால் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். நோட்பேடைத் திறந்து எல்லா எழுத்துகளையும் ஒவ்வொன்றாக அடியுங்கள். ஷிஃப்ட், என்டர், அம்புக்குறிகளை விட்டுவிடாதீர்கள். திரை முழுக்க வெள்ளை, பிறகு கறுப்பு என்று ஒரு படத்தை வைத்தால் செத்த புள்ளிகளும் அழுத்தத் தழும்புகளும் தெரியும். எல்லா யுஎஸ்பி துளைகளிலும் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். சார்ஜர் முனையை லேசாக அசைத்தால் சார்ஜ் விட்டு விட்டு ஏறுகிறதா? அப்படியென்றால் அந்தத் துளை தளர்ந்துவிட்டது. வீடியோ ஒன்றை அரை மணி நேரம் ஓட விட்டு, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் கவனியுங்கள்.

அடுத்தது பேட்டரி. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டிலிருந்து பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. கட்டளையை முன்பே குறித்துக்கொண்டு போங்கள். வருகிற பக்கத்தில் இரண்டு எண்களைத்தான் பார்க்க வேண்டும்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் ஏறுகிற கொள்ளளவு. முதல் எண் 60,000, இரண்டாவது 42,000 என்றால் எழுபது சதவீதம் மிச்சம், வாங்கலாம். பாதிக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டிவிடும்.

இனி வருவது மிக முக்கியம், பெரும்பாலோர் செய்யாதது. மெஷினை அணைத்துவிட்டு பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய்ப் பாருங்கள்: திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால், விற்கிறவரே அதை எடுத்துக் காட்டட்டும். எடுக்க முடியாதென்றால் வேண்டாம். பிறகு விண்டோஸை ரீசெட் செய்து, முதல் அமைப்பின்போது இணையத்தோடு இணையுங்கள். அந்த நேரத்தில் ஏதாவது நிறுவனத்தின் பெயர் திரையில் வந்து, அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலில் உள்நுழையச் சொன்னால், அந்த லேப்டாப் இன்னும் அந்த நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து விடுபடவில்லை என்று அர்த்தம். இணையம் இல்லாமல் நிறுவி அதை மறைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் அது திரும்ப வரலாம். நீக்கித் தருகிறேன் என்ற வாக்குறுதிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

"ரீஃபர்பிஷ்ட்" என்று விற்பவர்களிடமும் தனியாளிடமும் வாங்குவதில் வித்தியாசம் உண்டு. ரீஃபர்பிஷ்ட் என்றால் சோதித்து, சுத்தம் செய்து, சில மாத வாரண்டியோடு தருவது. விலை கொஞ்சம் கூடும். ஆனால் திருப்பிக் கொடுக்கும் காலம் எழுத்தில் இருந்தால் அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை. வெறும் செகண்ட் ஹேண்டில் மேலே சொன்ன ஒரு மணி நேரம்தான் உங்கள் வாரண்டி.

பழைய மேக்புக் ஏர்

2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏர் இன்றைக்கும் நல்ல மெஷின். ஃபேனே கிடையாது, நூலகத்தில் சத்தமில்லாமல் ஓடும், பேட்டரி நாள் முழுக்க வரும். கோடிங், எழுத்து, வடிவமைப்பு என்று எதற்கும் சளைக்காது. பழைய அலுவலக லேப்டாப்பைவிட விலை கூடுதல்தான்; பட்ஜெட் அங்கே எட்டுகிறதென்றால், விண்டோஸ் மென்பொருள் தேவைப்படாத துறை என்றால், யோசிக்கலாம். எட்டாவிட்டால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: ராம், சேமிப்பகம் இரண்டுமே பலகையோடு ஒட்டியவை, பிறகு கூட்ட முடியாது. நேரடியாக ஒரே ஒரு வெளித்திரைதான் இணைக்கலாம். பழைய இன்டெல் மேக்குகளில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் நிறுவலாம், இதில் அந்த வசதி இல்லை. பழைய உரிமையாளர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது திறக்க முடியாத பெட்டி. பேட்டரி சுற்று எண்ணிக்கையை, அதாவது எத்தனை முறை முழுதாகச் சார்ஜ் தீர்ந்திருக்கிறது என்பதை, சிஸ்டம் ரிப்போர்ட்டில் பாருங்கள். ஆப்பிள் இந்த மாடலுக்குச் சொல்லும் வரம்பு 1000. இன்டெல் பிராசஸர் போட்ட மேக்புக்குகள் இன்னும் மலிவாக வரும், அவற்றைத் தொடாதீர்கள். ஆப்பிளின் புது மென்பொருள்கள் அவற்றைக் கைவிட்டுக்கொண்டிருக்கின்றன.

குரோம்புக்

குரோம்புக்கை மட்டம் தட்டிப் பேசுவது சிலருக்குப் பழக்கம். அது நியாயமில்லை. விண்டோஸ் 4 ஜிபியில் திணறும் இடத்தில் குரோம்ஓஎஸ் சாதாரணமாக நடக்கும். வைரஸ் தொல்லை குறைவு, பேட்டரி நன்றாக நிற்கும், கோப்புகள் கூகுள் டிரைவில் இருப்பதால் மெஷின் தொலைந்தாலும் பாடக்குறிப்பு தொலையாது. எழுத்தும் வாசிப்புமாகப் போகிற கலைத் துறை மாணவருக்கு, கல்லூரியின் பாடத்தளமும் தேர்வும் பிரவுசரிலேயே நடக்கிறதென்றால், இது முழுமையான பதில். பெரும்பாலான மாடல்களில் லினக்ஸைத் திறந்து கோடிங்கும் பழகலாம்.

ஆனால் பழைய குரோம்புக் வாங்கும்போது ஒரு தேதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஒவ்வொரு மாடலுக்கும் தானியங்கி அப்டேட் முடியும் நாள் ஒன்று உண்டு. 2021-க்குப் பிறகு வந்த தளங்களுக்குப் பத்து வருடம் என்று கூகுள் 2023-ல் அறிவித்தது. அந்தப் பத்து வருடத்தை நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ண மாட்டார்கள். அந்த வகை வன்பொருள் வெளிவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். கடையில் புதிதாக இருக்கும் பெட்டியிலேயே சில வருடங்கள் கழிந்திருக்கும். மாடல் பெயரைப் போட்டு கூகுளின் உதவிப் பக்கத்தில் தேடினால் தேதி கிடைக்கும். படிப்பு முடியும் வருடத்துக்கு முன்னால் அது வந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

மேசையிலேயே வைத்துப் படிக்கிறவர்களுக்கு

யாரும் பேசாத ஆனால் காசுக்கு அதிகம் தருகிற வழி ஒன்று இருக்கிறது: அலுவலகத்திலிருந்து வந்த மினி டெஸ்க்டாப். திங்க்சென்டர் டைனி, ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எலைட்டெஸ்க் மினி என்று பெயர். ஒரு தடித்த புத்தக அளவுதான், மொத்தக் கொள்ளளவு ஒரு லிட்டர் சுற்றி. லேப்டாப்பில் போடுகிற அதே வகை ராம்தான் இதிலும். திரை, கீபோர்டு, மவுஸ் தனியாக வாங்க வேண்டும், ஆனால் அவற்றைப் பழையதாகவே வாங்கலாம். எல்லாம் சேர்த்தாலும், அதே வேகமுள்ள லேப்டாப்பைவிடக் குறைவாகவே முடியும். பெரிய திரையில் வேலை செய்கிற சுகமும் கழுத்துக்குக் கிடைக்கிற நிம்மதியும் இலவசம்.

வகுப்பில் லேப்டாப் கொண்டுவரச் சொல்லாத கல்லூரி, வீட்டிலிருந்தே போய்வருகிற மாணவர் என்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். கேட் (CAD) எனும் வடிவமைப்பு மென்பொருள் தேவைப்படும் பொறியியல் மாணவருக்கு இதைவிடச் சற்றுப் பெரிய அலுவலக டெஸ்க்டாப் இன்னும் பொருத்தம், பிற்பாடு சிறிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருக இடமிருக்கும். குறை என்ன? மின்சாரம் போனால் அந்த நொடியே வேலையும் போகும். விடுதி அறையில் மூன்று பேருக்கு ஒரு மேசை என்றால் இது சரிப்படாது. குழுவாகச் செய்கிற ப்ராஜெக்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

டேப்லெட்டைப் பற்றிச் சுருக்கமாக: கையால் குறிப்பெழுத, பிடிஎஃப் வாசிக்க அருமை, ஒரே கம்ப்யூட்டராக வைத்துக்கொள்ளப் போதாது. கீபோர்டு, பேனா என்று சேர்த்தால் விலை லேப்டாப்பைத் தாண்டிவிடும். ராஸ்பெரி பை 400, 500 போலக் கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டரை அடக்கியவை லினக்ஸ் கற்றுக்கொள்ள நல்லவை, கல்லூரியின் முழுச் சுமைக்கு அல்ல.

மென்பொருளுக்குத் தனிச் செலவு வேண்டாம்

மெஷினுக்கே பணம் போதாத இடத்தில் மென்பொருளுக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. திருட்டு ஆஃபீஸ் போட்டுத் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் பல அந்த வழியாகவும் நுழைகின்றன. தகுதியுள்ள கல்லூரிகளின் மின்னஞ்சல் இருந்தால் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் வலைப் பதிப்பு இலவசம். லிப்ரே ஆஃபீஸ் யாருக்கும் இலவசம். ஆட்டோடெஸ்க் தன் ஆட்டோகேட், ரெவிட் போன்றவற்றை மாணவர்களுக்கு வருடா வருடம் புதுப்பிக்கும் உரிமத்தில் இலவசமாகத் தருகிறது. நிரல் எழுதுகிறவர்களுக்கு ஜெட்பிரெய்ன்ஸ் கருவிகளும் கிட்ஹப் மாணவர் தொகுப்பும் இருக்கின்றன. 8-ம் தலைமுறைக்கு முந்தைய மெஷின் ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறதென்றால், புதிதாக எதையும் வாங்கும் முன் அதில் ஒரு எஸ்எஸ்டியும் 8 ஜிபி ராமும் போட்டு லினக்ஸ் மின்ட் நிறுவிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் நிமிடக்கணக்கில் எழுந்த மெஷின் நொடிக்கணக்கில் எழும். தேர்வு மென்பொருள் தடையாக இல்லாவிட்டால் படிப்பு முழுவதையும் அதிலேயே முடித்துவிட முடியும்.

பணத்தைப் பிரிக்கும்போது

இருக்கிற பணம் முழுவதையும் மெஷினிலேயே போட்டுவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். பழைய லேப்டாப் என்றால் ஒரு வருடத்துக்குள் பேட்டரி கேட்கலாம், புதிது என்றால் கூடுதல் ராம். நல்ல பேக் ஒன்று, வெளியே காப்பு எடுக்க ஒரு எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க் ஒன்று. டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுகிற மாடலாகத் தேர்ந்தெடுத்தால், சார்ஜர் போனாலும் பொதுவான ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். டி480-லும் எலைட்புக் 840 ஜி5-லும் அந்த வசதி உண்டு. லாட்டிட்யூட் 5490 என்றால் டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னும் எந்தத் துறை என்றே முடிவாகவில்லை, சேர்க்கை நடந்துகொண்டிருக்கிறது என்றால் இப்போதைக்கு வாங்காமல் இருங்கள். வகுப்பு தொடங்கி இரண்டு வாரத்தில் யார் எதைக் கொண்டுவருகிறார்கள், ஆய்வகம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, கல்லூரி கடனாக லேப்டாப் தருகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். காத்திருக்கவே முடியாது, இன்றே ஒன்று வேண்டும், துறையும் தெரியாது என்று கேட்டால் என் பதில் இது: 8-ம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, முழு எச்டி ஐபிஎஸ் திரை உள்ள அலுவலக லேப்டாப், திருப்பிக் கொடுக்கும் காலம் எழுத்தில் இருக்கிற விற்பனையாளரிடமிருந்து. 16 ஜிபிக்குப் பணம் பற்றவில்லை என்றால் 8 ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு 4 ஜிபி ஸ்டிக் என்றால் பின்னால் கூட்டும்போது ஒன்றையோ இரண்டையுமோ கழற்றி எறிய வேண்டி வரும்.